அடிக்கும் சொற்களும் எடைபோடும் சொற்களும்

"அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்." இந்த எளிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அனைவரும் யோசிக்காமல் எழுதும் சொல் 'டிஸ்கஸ்'. அது சரியான சொல்தான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், ஒரு காரியத்தைப் பேசித் தீர்ப்பதற்கு ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தானா உண்டு? அகராதியைத் திறந்து பார்த்தபோது வியந்துபோனோம். டிபேட், டெலிபரேட், கன்சல்ட், கன்ஃபர், நெகோஷியேட், பார்லி, த்ராஷ் அவுட், டாக் ஓவர் என்று வரிசை நீண்டுகொண்டே போயிற்று. எங்கள் கையடக்க அகராதியில் இவை எல்லாவற்றுக்கும் 'விவாதி, ஆலோசி, கலந்து பேசு' என்று ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அவை ஒன்றல்ல. ஒவ்வொரு சொல்லின் வயிற்றுக்குள்ளும் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால் சொல் மறக்காது. எந்த இடத்தில் எதைப் போடுவது என்ற குழப்பமும் வராது. எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் நூலகத்திலிருந்து எடுத்துத் தந்த பெரிய அகராதிகளின் துணையோடு நாங்கள் அறிந்துகொண்டவற்றை, தோழியரே, உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நமக்குப் பழக்கமான 'டிஸ்கஸ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'டிஸ்' என்றால் தனித்தனியாக. 'குவாதெரே' என்றால் உலுக்குதல். ஆக, ஒன்றாய்ச் சுருண்டு கிடப்பதை உலுக்கி உதறிப் பிரிப்பதுதான் டிஸ்கஸ். தலையில் அடிபட்டு மூளை குலுங்கினால் மருத்துவர்கள் 'கன்கஷன்' என்கிறார்களே, அதுவும் மேளம், மிருதங்கம் போன்ற தட்டும் வாத்தியங்களைக் குறிக்கும் 'பெர்கஷன்' என்ற சொல்லும் இதற்கு உடன்பிறந்தவை. இதைப் படித்தவுடன் எங்களுக்கு நினைவு வந்தது ஆற்றங்கரை! துணியை நீரில் போட்டு அப்படியும் இப்படியும் ஆட்டி அழுக்கைப் பிரிக்கிறோம் அல்லவா? அதைத் தமிழில் 'அலசுதல்' என்கிறோம். ஒரு பிரச்சினையையும் 'அலசி ஆராய்ந்தோம்' என்கிறோம். உரோமாபுரிக்காரர்களும் நம் பாட்டிமாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவருக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு, பொதுத்தேர்வுக்கும் பயன்படும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபௌட்' வராது. 'வி டிஸ்கஸ்டு அபௌட் தி பிக்னிக்' என்று நம்மில் பலரும் சொல்வதுண்டு. தமிழில் 'பிக்னிக்கைப் பற்றிப் பேசினோம்' என்பதால் அந்தப் 'பற்றி' ஆங்கிலத்திற்கும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. 'வி டிஸ்கஸ்டு தி பிக்னிக்' என்பதே சரி. துணியைத்தான் அலசுகிறோம், துணியைப் பற்றி அலசுவதில்லை என்று நினைவில் வைத்தால் போதும். ஆனால் 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக மாறிவிட்டால் 'அபௌட்' வரலாம்.

வயலிலிருந்தும் ஆங்கிலம் சொற்களைப் பெற்றிருக்கிறது. 'த்ராஷ் அவுட்' என்பது கதிரடிப்பதைக் குறிக்கும் 'த்ரெஷ்' என்ற சொல்லின் மறுவடிவம். களத்தில் போரடித்து நெல்லையும் வைக்கோலையும் பிரிப்பதுபோல, நெடுநேரம் பேசிப் பேசி உண்மையை வெளியே கொண்டுவருவது அது. 'ரூமினேட்' என்பது இன்னும் அழகானது. மாடு அசைபோடுவதற்கும் மனிதர் ஒன்றை மனத்துக்குள் திரும்பத் திரும்ப எண்ணுவதற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். தமிழிலும் 'அசைபோடுதல்' என்ற ஒரே சொல்தான். மாட்டைப் பார்த்து மனிதர் சிந்திக்கக் கற்றுக்கொண்டார்களோ என்னவோ!

இனி 'டிபேட்'. நம் பள்ளியில் மிகவும் மதிக்கப்படும் சொல் இதுதான் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். ஆண்டு விழாவில் இதற்குத்தானே வெள்ளிக்கோப்பை! பழைய பிரெஞ்சு மொழியில் 'பாத்ர்' என்றால் அடித்தல். கிரிக்கெட் மட்டையான 'பேட்', போரைக் குறிக்கும் 'பேட்டில்' எல்லாம் அதே குடும்பம். ஆகவே டிபேட் என்பது சொற்களால் அடித்துக்கொள்வது. தமிழில் 'சொற்போர்' என்று பெயரிட்டவர்கள் நன்றாகவே பெயரிட்டிருக்கிறார்கள். மணிமேகலையில் வரும் 'பட்டிமண்டபம்' சமயவாதிகள் ஏறி வாதிட்ட இடம். அந்தப் பெயர்தான் இன்று பட்டிமன்றமாகத் தொலைக்காட்சி வரை வந்திருக்கிறது.

டிபேட் நல்லதா கெட்டதா என்று கேட்டால், மிக நல்லது என்றே சொல்வோம். மேடையில் நடுங்காமல் நிற்கவும், எதிரி சொல்வதைக் கூர்ந்து கேட்கவும், மூன்று நிமிடத்தில் கருத்தைச் சொல்லி முடிக்கவும் அது பழக்குகிறது. ஆனால் டிபேட்டில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட பிறகுதான் நாம் காரணங்களைத் தேடத் தொடங்குகிறோம். முடிவு முதலில், காரணம் பிறகு! நடுவில், 'எதிரணி சொல்வதும் சரியாயிருக்கிறதே' என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அவளுடைய அணி தோற்றுவிடும்.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்னும் மாணவர் மன்றத்தில் ஒரு டிபேட் நடந்தது. அரசருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் இந்த மன்றம் போர் செய்யாது என்பது தீர்மானம். 275 வாக்குகள் ஆதரவாகவும் 153 வாக்குகள் எதிராகவும் விழுந்தன. நாடே பரபரப்படைந்தது; பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஆறு ஆண்டுகள் கழித்து, 1939-இல், உண்மையாகவே போர் வந்தது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பலர் படையில் சேர்ந்தார்கள். அன்று வாக்களித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் கூறவில்லை. டிபேட்டில் கிடைக்கும் வெற்றி வேறு, வாழ்க்கையில் எடுக்கும் முடிவு வேறு என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

அப்படியானால் முடிவெடுப்பதற்கென்றே ஏற்பட்ட சொல் எது? எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன 'டெலிபரேட்' என்ற சொல்தான் அது. லத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. வானத்துத் துலாம் ராசிக்கு ஆங்கிலத்தில் 'லிப்ரா' என்றே பெயர். இங்கிலாந்து நாணயமான பவுண்டின் குறியைப் பார்த்திருப்பீர்கள்; 'எல்' எழுத்தின் நடுவே கோடு கிழித்தாற்போல் இருக்கும். அந்த 'எல்', லிப்ராவின் முதலெழுத்து. ஒரு காரியத்தைத் தராசில் இட்டு இரண்டு தட்டையும் பார்ப்பதே டெலிபரேட் செய்தல் என்று அகராதிகள் விளக்குகின்றன. தமிழில் 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்போமே, அதில் வரும் 'தூக்கு' என்பதும் எடை பார்ப்பதுதான்! 'பாண்டர்' என்று இன்னொரு ஆங்கிலச் சொல் உண்டு. அதுவும் எடையிலிருந்து பிறந்ததே.

உச்சரிப்பில் கவனம் தேவை. வினைச்சொல்லாக வரும்போது கடைசி அசையை நீட்டி 'டெலிபரேட்' என்று சொல்ல வேண்டும். 'வேண்டுமென்றே செய்த' என்ற பொருளில் பெயரடையாக வந்தால் 'டெலிபரட்' என்று குறுகிவிடும். எழுத்து ஒன்றே, ஒலிதான் வேறு. எடைபோட்டுப் பார்த்துத் தெரிந்தே செய்தது என்பதால்தான் அந்த இரண்டாவது பொருளும் வந்தது.

டெலிபரேட் செய்வது எப்படி என்பதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது. புனித இஞ்ஞாசியாரையும் புனித சவேரியாரையும் அறியாத கத்தோலிக்கப் பிள்ளை இராது. ஆனால் 1539-ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர்களும் அவர்களுடைய தோழர்களும் ரோம் நகரில் உட்கார்ந்து பேசிய கதை நமக்கு மறைக்கல்வி வகுப்பில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அப்போது இயேசு சபை என்று ஒன்று கிடையாது. பாரிஸ் நகரில் ஒன்றாய்ப் படித்த சில நண்பர்கள், அவ்வளவே. ஸ்பெயின், பிரான்சு, போர்ச்சுகல், சவாய் என்று வெவ்வேறு நாட்டவர். எருசலேமுக்குப் போக விரும்பினார்கள். போர் காரணமாகக் கப்பல் கிடைக்கவில்லை. எனவே திருத்தந்தை எங்கே அனுப்பினாலும் போகிறோம் என்று ரோமுக்கு வந்தார்கள். இனி ஆளுக்கொரு திசையாகப் பிரிய வேண்டும். பிரிந்த பின்பும் ஒரே குழுவாக இருப்பதா, வேண்டாமா? இதற்கு விரைவிலேயே விடை கிடைத்துவிட்டது: ஒன்றாகவே இருப்போம். அடுத்த கேள்விதான் கடினமானது. தங்களுள் ஒருவரைத் தலைவராக்கி, அவருக்குக் கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுப்பதா?

பகலில் போதிப்பதும் ஏழைகளைக் கவனிப்பதுமாக இருந்தார்கள், இரவில் கூடினார்கள். நாட்கள் பல சென்றும் தெளிவு பிறக்கவில்லை. ஊரை விட்டுத் தனியிடம் சென்று முப்பது, நாற்பது நாள் செபிக்கலாமா என்றுகூட யோசித்தார்கள். அப்படிப் போனால் ஊரார் தவறாகப் பேசுவார்கள். செய்துவரும் நற்பணியும் நின்றுபோகும் என்று அதை விட்டுவிட்டார்கள். (புனிதர்களும் 'ஊர் என்ன சொல்லும்' என்று யோசித்திருக்கிறார்கள் என்பதில் எங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்!) பிறகு தங்களுக்குள் மூன்று விதிகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். கீழ்ப்படிவதில் மகிழ்ச்சி காணும் மனத்தைத் தரும்படி ஒவ்வொருவரும் செபிக்க வேண்டும். இதைப் பற்றி ஒருவரோடொருவர் முன்கூட்டியே பேசக்கூடாது, மற்றவருடைய காரணங்களைக் கேட்கவும் கூடாது. ஒருவர் பேச்சால் இன்னொருவர் சாய்ந்துவிடக் கூடாதல்லவா? மூன்றாவது விதிதான் அதிசயமானது. ஒவ்வொருவரும் தம்மை இந்தக் குழுவைச் சேராத, இனிச் சேரப்போவதுமில்லாத ஓர் அந்நியராகப் பாவித்துக்கொண்டு, அந்த அந்நியர் என்ன ஆலோசனை சொல்வார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு எப்படிப் பேசினார்கள் தெரியுமா? ஒரு நாள் முழுவதும் எல்லோரும், ஒருவர் விடாமல், கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டுக்கு எதிரான காரணங்களை மட்டுமே சொன்னார்கள். அடுத்த நாள் அதே எல்லோரும் அதற்கு ஆதரவான காரணங்களை மட்டுமே சொன்னார்கள்.

தோழியரே, இதற்கும் டிபேட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். டிபேட்டில் பாதிப்பேர் ஒரு பக்கம், பாதிப்பேர் மறு பக்கம். இங்கேயோ எல்லோரும் ஒரே பக்கம்; நாள்தான் மாறுகிறது. கீழ்ப்படிதலை மனமார விரும்பியவரும் முதல் நாள் அதற்கு எதிராகப் பேசியாக வேண்டும். வேண்டாம் என்று நினைத்தவரும் மறுநாள் அதன் நன்மைகளைத் தேடியாக வேண்டும். 'என் பக்கம்' என்ற ஒன்றே இல்லாமற்போகிறது. தராசின் இரண்டு தட்டையும் ஒவ்வொருவரும் தம் கையாலேயே நிரப்புகிறார்கள். இப்படிப் பல நாள் எடைபோட்ட பின், ஒருவர்கூட மறுக்காமல், கீழ்ப்படிதல் வேண்டும் என்று முடிவாயிற்று. மற்ற காரியங்களையும் பேசி முடிக்கும்போது புனித திருமுழுக்கு யோவான் திருநாளான ஜூன் 24 வந்துவிட்டது. ஏறத்தாழ மூன்று மாதம்! மறு ஆண்டு, 1540 செப்டம்பர் 27-இல், திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் இயேசு சபைக்கு அனுமதி வழங்கினார். அந்த அறையில் அமர்ந்து பேசியவர்களுள் ஒருவரான சவேரியார் 1542-இல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டிலேயே நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கும் வந்தார். மணப்பாட்டுக் குகைக்குச் சுற்றுலா சென்ற தோழிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

திருச்சபை ஆங்கிலத்திற்குத் தந்த இன்னொரு சொல்லும் இதே வழக்கத்தைச் சேர்ந்தது: 'டெவில்ஸ் அட்வகேட்', அதாவது சாத்தானின் வக்கீல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒருவருக்குப் புனிதர் பட்டம் வழங்குமுன், அவரிடம் என்ன குறை இருக்கக்கூடும், சொல்லப்படும் புதுமைகளில் எது ஐயத்திற்குரியது என்று வாதிடுவதற்கென்றே ஓர் அலுவலர் இருந்தார். 1587-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் இந்தப் பதவி முறையாக ஏற்பட்டது. 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்த நடைமுறையை மாற்றியமைத்தார். இன்று ஆங்கிலத்தில், தாம் நம்பாவிட்டாலும் எதிர்ப்பக்கக் காரணத்தை எடுத்துச் சொல்பவரை இப்பெயரால் அழைக்கிறார்கள். எல்லோரும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டும் கூட்டத்தில் ஒருத்தியாவது இந்த வேலையைச் செய்தால் நல்லதுதான். எப்போதுமே அதைச் செய்துகொண்டிருப்பவளை எங்கள் வகுப்பில் வேறு பெயரால் அழைப்போம்!

'கான்க்ளேவ்' என்ற சொல்லை 2025 மே மாதம் உலகமே உச்சரித்தது. 'கிளாவிஸ்' என்றால் சாவி. சாவி போட்டுப் பூட்டிய அறை என்பது பொருள். 1268-இல் திருத்தந்தை நான்காம் கிளமென்ட் இறந்தபின், விட்டர்போ நகரில் கர்தினால்மார் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடிவெடுக்க முடியாமல் இருந்தார்கள். பொறுமையிழந்த ஊரார் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, உணவைக் குறைத்து, கூரையையும் பிரித்துவிட்டார்களாம். 1271-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாம் கிரகோரியார்தான் 1274-இல் லியோன் பொதுச்சங்கத்தில் கான்க்ளேவ் விதிகளை ஏற்படுத்தினார். ஆனால் பூட்டிய அறைக்குள் பெரும்பாலும் செபமும் வாக்களிப்புமே. நீண்ட பேச்செல்லாம் கதவு பூட்டப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 2025-லும் ஏறக்குறைய இரண்டு வாரம் பேசினார்கள். பிறகு 133 கர்தினால்மார் மே 7-ஆம் நாள் உள்ளே போய், மறுநாளே திருத்தந்தை பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

'சினட்' என்பது கிரேக்கச் சொல். 'சேர்ந்து நடக்கும் வழி' என்று பொருள். 2023 அக்டோபரில் ரோமில் கூடிய ஆயர் மாமன்றத்தில் ஆயர்களும் குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தார்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் தம் கருத்தையே மீண்டும் சொல்லாமல், மற்றவர் சொன்னதில் தம் மனத்தைத் தொட்டது எது என்று சொல்ல வேண்டும். இடையிடையே மௌனம். அந்த மாமன்றத்தில்தான் முதன்முதலாகப் பெண்களும் வாக்களித்தார்கள். அந்த இரண்டாம் சுற்றை எங்கள் வகுப்புக் கூட்டத்தில் வைத்துப் பார்த்தோம். பாதிப்பேருக்கு மற்றவர் என்ன சொன்னார் என்பதே நினைவில்லை!

ஒலியால் ஏமாற்றும் இரட்டையர் ஒரு ஜோடி உண்டு. 'கவுன்சில்' என்று இரண்டு சொற்கள். 'சி ஐ எல்' என்று முடிவது சபை. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962 முதல் 1965 வரை நடந்ததே, அது இந்தக் கவுன்சில். 'எஸ் இ எல்' என்று முடிவது அறிவுரை. மாதா பிரார்த்தனையில் வரும் நல்ல ஆலோசனை மாதா என்ற பெயரை 1903-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சேர்த்தார். அது இந்த இரண்டாவது கவுன்சல். வத்திக்கானுக்கு 'சி', மாதாவுக்கு 'எஸ்' என்று மனப்பாடம் செய்துகொண்டால் எழுத்துப்பிழை வராது.

'கன்ஃபர்' என்பதில் 'ஃபெரே' என்றால் கொண்டுவருதல். ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்ப்பது. கூட்டாஞ்சோறு என்றே வைத்துக்கொள்ளலாம். 'கான்ஃபரன்ஸ்' இதன் பிள்ளை. 'நெகோஷியேட்' என்பது 'ஓய்வில்லை' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. இரு தரப்பும் ஏதோ ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறும் பேச்சு அது. மீன் கடையில் அம்மா செய்வது பேரம், அரசுகள் செய்தால் நெகோஷியேஷன். 'பார்லி' என்பது பகைவரோடு போரை நிறுத்திவிட்டுப் பேசுவது. பிரெஞ்சு மொழியில் 'பார்லே' என்றால் பேசுதல். அதிலிருந்தே 'பார்லிமென்ட்' வந்தது. நம் கன்னியர் மடத்தில் பெற்றோர் காத்திருந்து சிஸ்டர்களைச் சந்திக்கும் அறையைப் 'பார்லர்' என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். மடங்களில் மௌனம் காக்கும் துறவியர் பேசுவதற்கென்று ஒதுக்கிய அறை அது. அழகு நிலையத்திற்கு அந்தப் பெயர் பிற்பாடு போயிற்று; அங்கும் பேச்சுக்குக் குறைவில்லை என்று கேள்வி.

ஒரே சொல்லுக்கு இரண்டு நாட்டில் இரண்டு பொருள் இருந்தால் என்ன ஆகும்? 'டேபிள்' என்ற வினையைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு காரியத்தை 'டேபிள்' செய்வதென்றால் உடனே பேச்சுக்கு எடுத்துக்கொள்வது. அமெரிக்காவிலோ அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பது! இரண்டாம் உலகப்போரின்போது, 1941 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில், பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசரக் குறிப்பை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்களாம். அமெரிக்கர் கூடாது என்றார்களாம். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகே இரு தரப்பும் ஒன்றையே விரும்புவது தெரிந்தது என்று சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். 'மூட்' என்பதும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் ஊர்க்கூட்டத்திற்கு அது பெயர். 'மூட் பாயின்ட்' என்றால் இங்கிலாந்தில் வாதத்திற்குரியது. அமெரிக்காவில் பெரும்பாலும், பேசிப் பயனில்லாதது.

கடைசியாக ஒரு சொல்லை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தோம்: 'கன்சல்ட்'. 'கன்சல்ட் எ டாக்டர்' என்றால் மருத்துவரிடம் யோசனை கேட்பது. 'கன்சல்ட் வித்' என்று 'வித்' சேர்த்தால், முடிவெடுக்குமுன் ஒருவரோடு கலந்து பேசுவது. எப்படியானாலும் ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் இன்னும் முடிவெடுக்காதவராக இருக்க வேண்டும். முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னால் அதற்கு வேறு சொல் இருக்கிறது, அது 'இன்ஃபார்ம்'. தமிழில் 'உன்கிட்ட கேட்டோமே' என்றும் 'உன்கிட்ட சொன்னோமே' என்றும் நாம் தெளிவாகவே பிரிக்கிறோம். ஆனாலும் வீடுகளில் இரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. பெற்றோர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே, மரியாதையோடுதான் எழுதுகிறோம்.

ஏனென்றால் இது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடிந்ததும் எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பேச்சு நடக்கும். எந்தப் பாடப்பிரிவு, எந்தப் பள்ளி, சிலருக்கு, படிப்பா நிறுத்தமா என்பதே கேள்வி. அந்தப் பேச்சு டிபேட்டாக நடந்தால் நாங்கள் தோற்பது உறுதி. அப்பாவோடு யார் சொற்போர் செய்வது?

எங்களுள் ஒருத்தி வீட்டில் இந்தக் கேள்வி முன்னதாகவே வந்துவிட்டது. மேல்நிலைப் பள்ளிக்கு அவள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். மாலையில் திரும்ப இருட்டிவிடும். "பத்து போதும்மா" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து படித்திருந்த 1539-ஆம் ஆண்டுக் கதையை இரவுச் சாப்பாட்டின்போது சொல்லியிருக்கிறாள். "அப்பா, நாமும் அப்படிப் பேசிப் பார்க்கலாமாப்பா? முதல் நாள் நானே வேண்டாம்னு பேசுறேன்" என்றாளாம். அவர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் சம்மதித்தார்.

முதல் நாள் எல்லோரும் எதிர்ப்பக்கம். இருட்டு, பேருந்துக் கட்டணம், தம்பியின் படிப்புச் செலவு, வீட்டில் துணையில்லாத பாட்டி என்று அம்மா சொன்னார். அவளே, "எனக்குக் கணக்கு வராது, பதினொன்றாம் வகுப்பில் தோற்றாலும் தோற்பேன்" என்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது என்று எங்களிடம் சொன்னாள். மறுநாள் எல்லோரும் ஆதரவுப் பக்கம். முதலில் பேச வேண்டியவர் அப்பா. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, தாம் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கினாராம். அவள் அதற்குமுன் அதைக் கேட்டதே இல்லை.

இக்கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்கும் இந்த நாள்வரை அங்கே முடிவு வரவில்லை. அவள் அப்பா சென்ற சனிக்கிழமை பேருந்தில் அந்தப் பள்ளிக்கே சென்று விடுதிக் கட்டணம் விசாரித்து வந்திருக்கிறார். பாட்டிதான் தம்முடைய இரண்டாம் நாள் பேச்சை இன்னும் பேசி முடிக்கவில்லையாம்.